சபரில் சம்பாத்தியம்: சுருங்குவதும் சுருங்காததும்

நமது கடலோர ஊர்களில் ‘சபர்’ என்ற சொல் புழங்காத முஸ்லிம் வீடு இருக்க முடியாது. அரபியில் அதற்குப் பயணம் என்றே பொருள். நம்மவர்கள் அதனோடு பிழைப்பு என்ற பொருளையும் சேர்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று பெண் வீட்டார் கேட்டால், சபரில் இருக்கிறார் என்பதே போதுமான பதில். அவர் கொழும்பில் கடை வைத்திருப்பார், பினாங்கில் நாணயம் மாற்றுவார், துபாயில் கணக்கு எழுதுவார், கப்பலில் இயந்திரம் பார்ப்பார், எல்லாம் சபர்தான். அப்படிப் போனவருக்குச் சபுராளி என்று பெயர்.

இப்போது புதுவகைச் சபுராளி ஒருவர் தோன்றியிருக்கிறார். அவரைப் பற்றிச் சென்னை ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து ஒரு தாயார் நமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் கிண்டித் தொழிற்பேட்டையில் கடைசல் வேலை பார்த்தவர்; சைக்கிளில் போய்ச் சைக்கிளில் வந்தே பிள்ளைகளை ஆளாக்கினாராம். மகன் ஈக்காட்டுத்தாங்கலிலேயே ஒரு கணினிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று அலுவலகம் சொல்லிவிட்டதால், இரண்டு ஆண்டுகளாக மடிக்கணினியைத் தோளில் மாட்டிக்கொண்டு பாங்காக்கில் ஒரு மாதம், பினாங்கில் மூன்று மாதம், வியட்நாமில் பத்து நாள் என்று ஊர் ஊராகப் போய்க்கொண்டே சம்பாதிக்கிறார். “என் மகன் இந்த இரண்டு வருஷமாக நான்கு ரக்அத் தொழவே இல்லை. கேட்டால், நான் முஸாபிர் உம்மா, எனக்கு இரண்டுதான் என்கிறான். இது சரியா? சுற்றுலா விசாவில் போய் வேலை செய்து சம்பாதிப்பது ஹலாலா?” என்று அத்தாயார் கேட்கிறார். மருமகளும் பேரக் குழந்தையும் தம்மோடு இருப்பதாகவும், பணம் மாதாமாதம் ஒழுங்காக வந்துவிடுவதாகவும், மகன் இரண்டு ரமளானுக்கும் வீட்டுக்கு வரவில்லை என்றும் கடிதத்தின் ஓரத்தில் சேர்த்திருக்கிறார். அதைக் கேள்வியாக அவர் கேட்கவில்லை. ஆனாலும் நாம் அதற்கும் சேர்த்தே பதில் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். ஊர் ஊராகப் போய்ப் பொருள் தேடுவது மார்க்கத்தில் குறைவான காரியமன்று. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடும்படி திருமறை (62:10) ஏவுகிறது. இரவுத் தொழுகையைப் பற்றிய வசனத்தில் (73:20) நோயாளிகளையும், அல்லாஹ்வின் பாதையில் போரிடுவோரையும் குறிப்பிடும் இடத்திலேயே, அவனது அருளைத் தேடிப் பூமியில் பயணம் செய்வோரையும் குறிப்பிட்டு, ஓதுவதை எளிதாக்கிக்கொள்ள அனுமதிக்கிறது. பிழைப்புக்காக அலைபவனின் களைப்பை இறைவன் கணக்கில் எடுத்திருக்கிறான் என்பது இதிலிருந்து விளங்கும். குறைஷிகளின் மாரிக்காலப் பயணமும் கோடைக்காலப் பயணமும் ஒரு தனி அத்தியாயத்திலேயே (106) பேசப்படுகின்றன. மூஸா (அலை) அவர்கள் அடைக்கலம் தேடி மத்யன் சென்று, எட்டு ஆண்டுகள், விரும்பினால் பத்து ஆண்டுகள் வேலை செய்வதாக ஒப்புக்கொண்டு அங்கே உழைத்த வரலாறும் (28:27) நாம் அறிந்ததே. மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள், தமக்குப் பாதிச் சொத்தைத் தர முன்வந்த அன்சாரித் தோழருக்காக துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று காட்டினால் போதும் என்றார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றே அவர்களுடைய வாணிபம் தொடங்கியது.

ஜும்ஆவுக்காகக் கப்பலைத் தவறவிட்டவர்

உலகம் சுற்றிக்கொண்டே சம்பாதித்தவர் என்றால் இப்னு பதூதாவைச் சொல்லாமல் இருக்க இயலாது. மொராக்கோவின் தாஞ்சியர் நகரில் 1304-இல் பிறந்த அவர், 1325-இல் தமது 21-ஆம் வயதில் ஹஜ்ஜுக்காக வீட்டைவிட்டுப் புறப்பட்டார். திரும்பிச் சொந்த நாட்டைப் பார்த்தது 1349-இல். இடைப்பட்ட காலத்தில் அவர் எதை வைத்துச் சாப்பிட்டார்? மார்க்கச் சட்டம் படித்திருந்தார். அதுதான் அவருடைய கைத்தொழில். டில்லியில் சுல்தான் முஹம்மது பின் துக்ளக் அவரைக் காஜியாக நியமித்தார். அவரோ மாலிக்கி மத்ஹபைச் சேர்ந்தவர்; ஊர் மக்கள் பெரும்பாலும் ஹனபிகள்; மொழியும் அவருக்குச் சரியாக வராது. துணைக்கு இருவரை அமர்த்திக் கொடுத்தார் சுல்தான். பிறகு மாலத்தீவிலும் காஜி வேலை பார்த்தார். அங்கிருந்து இலங்கை சென்று, நமது சோழமண்டலக் கரையில் கப்பல் உடைந்து கரையேறி, அப்போது மதுரையை ஆண்ட கியாதுத்தீன் தாமகானியிடம் வந்து சேர்ந்தார். அந்தச் சுல்தான் அவருக்கு மனைவி வழியில் உறவினர். உறவினர் என்பதற்காக, அங்கே கண்ட கொடுமைகளை அவர் எழுதாமல் விட்டுவிடவில்லை.

இவர் கதையில் நமது பாடத்துக்கு வேண்டிய ஒரு நிகழ்ச்சி கள்ளிக்கோட்டையில் நடந்தது. டில்லி சுல்தானின் தூதராகச் சீனாவுக்குப் புறப்பட்ட அவர், சாமான்களையும் பணியாட்களையும் கப்பலில் ஏற்றிவிட்டு, மறுநாள் ஜும்ஆத் தொழுதுவிட்டு ஏறிக்கொள்ளலாம் என்று கரையில் தங்கினார். அதற்குள் கடல் கொந்தளித்தது. சீனச் சக்கரவர்த்திக்கான பரிசுப் பொருள்களைச் சுமந்த பெருங்கப்பல் உடைந்து, அதிலிருந்தவர்கள் மாண்டனர். அவருடைய சொந்தச் சாமான்கள் இருந்த இன்னொரு கப்பல் பாய் விரித்துப் போயே போய்விட்டது. சில தீனார்களும் படுத்திருந்த விரிப்பும் தவிர அவரிடம் எதுவும் மிஞ்சவில்லை.

பயணத்தில் இருப்பவர் மீது ஜும்ஆ கடமையில்லை. காஜியாக இருந்தவருக்கு இது தெரியாததல்ல. சலுகை இருந்தும் அவர் ஜும்ஆவுக்காகத் தங்கினார்; உயிர் தப்பினார். சலுகையைப் பயன்படுத்துவது தவறு என்று இதைக் கொண்டு யாரும் வாதாடிவிடக் கூடாது. கஸ்ரு என்பது அல்லாஹ் நமக்கு வழங்கிய தர்மம், அதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் உமர் (ரலி) அவர்களுக்கு விளக்கியிருக்கிறார்கள். சலுகை எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று தெரிந்து பயன்படுத்த வேண்டும் என்பதுதான் விஷயம்.

முஸாபிர் என்பவர் யார்?

ஈக்காட்டுத்தாங்கல் இளைஞர், ஊரைவிட்டு வெளியே இருக்கும் வரை தாம் முஸாபிர்தான் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். நம்மில் பலரும் அப்படித்தான் எண்ணுகிறோம். ஷரீஅத் அப்படிக் கணக்கிடவில்லை.

தூரத்தை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 80 கிலோமீட்டரோ அதற்கு மேலோ செல்லும் எண்ணத்துடன் புறப்பட்டால்தான் கஸ்ரு உண்டு. மத்ஹபுகளின் கணக்கில் சிறு வேறுபாடு இருப்பினும், நடைமுறைக்கு இதை வைத்துக்கொள்ளலாம். சென்னையிலிருந்து காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்கப் போகிறவருக்குக் கஸ்ரு இல்லை. வேலூருக்குத் தோல் வியாபாரமாகப் போகிறவருக்கு உண்டு.

சலுகை எங்கே தொடங்குகிறது என்பதில் விமானப் பயணிகள் பெரும்பாலும் தவறுகிறார்கள். சொந்த ஊரின் கட்டடங்களைத் தாண்டிய பிறகே பயணி என்ற நிலை தொடங்கும். பெட்டி கட்டி முடித்ததிலிருந்தோ, வீட்டு வாசலைத் தாண்டியதிலிருந்தோ அன்று. ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து மீனம்பாக்கம் வரை வீடுகளும் கடைகளும் இடைவெளியின்றித் தொடர்கின்றன. விமான நிலையம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே சென்னைவாசி விமான நிலையத்தில் இஷாவைத் தொழுதால் நான்கு ரக்அத்தாகவே தொழ வேண்டும். ஷாபிஈகள் அங்கே லுஹரோடு அஸரை முன்கூட்டியே ஜம்உ செய்யவும் கூடாது. பயணம் இன்னும் தொடங்கவில்லை. ஹனபிகளுக்கோ ஹஜ்ஜின்போது அரபாத்திலும் முஸ்தலிபாவிலும் தவிர வேறெங்கும் இருநேரத் தொழுகைகளை ஒரே நேரத்தில் சேர்ப்பது இல்லை.

அடுத்தது நாள் கணக்கு. அந்தத் தாயாரின் கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது. ஓர் ஊரில் 15 நாட்களோ அதற்கு மேலோ தங்குவதாக நிய்யத் வைத்துவிட்டால் ஹனபி மத்ஹபின்படி அவர் அங்கே முகீம், அதாவது ஊரில் தங்கியவர். ஷாபிஈ மத்ஹபில், வந்து சேரும் நாளையும் புறப்படும் நாளையும் விட்டுவிட்டு, முழுதாக நான்கு நாட்கள் தங்கும் நிய்யத் இருந்தாலே முகீம் ஆகிவிடுவார். பாங்காக்கில் ஒரு மாதத்துக்கும் பினாங்கில் மூன்று மாதத்துக்கும் வாடகைக்கு அறை எடுத்தவர் இரண்டு மத்ஹபுகளின்படியும் அவ்வூர்களில் முகீம்தான். அங்கே அவர் நான்கு ரக்அத் தொழுதிருக்க வேண்டும். வியட்நாமில் பத்து நாள் இருந்தாரே, அங்கேதான் வேறுபாடு வருகிறது: ஹனபியானால் இரண்டு ரக்அத், ஷாபிஈயானால் நான்கு. கடலோரத்து மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாபிஈ, உள்நாட்டு ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனபி; சென்னையிலோ ஒரே வீட்டில் இரண்டும் இருக்கும். அவரவர் தமது மத்ஹபைப் பின்பற்ற வேண்டும். நாள் கணக்கை ஹனபியிலிருந்தும் ஜம்உ செய்வதை ஷாபிஈயிலிருந்தும் எடுத்துக்கொண்டு வசதியாகப் புது மத்ஹபு ஒன்று தைத்துக்கொள்ளும் வழக்கம் இளைஞர்களிடம் பரவியிருக்கிறது. அதை நாம் விரும்பவில்லை.

இன்று வேலை முடியும், நாளை முடியும் என்று எதிர்பார்த்து, நாள் குறிக்க முடியாமல் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டவரின் சட்டம் வேறு. ஹனபி மத்ஹபில் அவர் எவ்வளவு காலமானாலும் கஸ்ரு செய்வார். ஷாபிஈயில் 18 நாட்கள் வரை. ஆதர்பைஜானில் பனி வழியை மறித்தபோது இப்னு உமர் (ரலி) அவர்கள் ஆறு மாதங்கள் கஸ்ரு செய்தார்கள் என்று வரும் அறிவிப்பு இத்தகைய நிலையைப் பற்றியது. மாத வாடகை கட்டி, அறையில் இணைய வசதி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் குடியேறியவருக்கு அது பொருந்தாது.

இந்திய வருமான வரிச் சட்டம், ஓர் ஆண்டில் 182 நாட்களோ அதற்கு மேலோ இங்கே இருந்தவரை உள்நாட்டில் வசிப்பவராகக் கொள்கிறது. அந்தக் கணக்கை நம் பிள்ளைகள் விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். 15 நாளையும் 4 நாளையும் நினைவில் வைப்பது அதைவிடக் கடினமா என்ன?

இதுவரை இரண்டாகத் தொழுத தொழுகைகளின் நிலை என்ன? நான்கு தொழ வேண்டிய இடத்தில் இரண்டு தொழுதால் அத்தொழுகை நிறைவேறாது. களாச் செய்ய வேண்டும். நாட்களைத் தோராயமாகக் கணக்கிட்டு, ஒவ்வொரு தொழுகைக்கும் பின்னால் ஒன்றாகவேனும் தொழுது முடித்துவிடலாம். பயண அனுமதிச் சீட்டில் குத்திய முத்திரைகள் கைவசம் இருப்பதால் கணக்கெடுப்பது அவருக்குச் சுலபம். உள்ளூர் இமாமின் பின்னால் ஜமாஅத்தாகத் தொழுதவற்றில் அவர் நான்குதான் தொழுதிருப்பார். முஸாபிரானாலும் முகீமின் பின்னால் நின்றால் நான்கே. அவற்றைக் கழித்துக்கொள்ளலாம்.

முகீம் ஆகிவிட்டவர் மீது ஜும்ஆவும் கடமையாகும். ஷாபிஈ மத்ஹபில் இதில் ஒரு நுணுக்கம் உண்டு: அவ்வூரில் நிரந்தரமாகக் குடியிராதவர் ஜும்ஆவுக்குச் செல்வது கடமை, ஆனால் ஜும்ஆவுக்குத் தேவையான 40 பேரில் அவர் ஒருவராக எண்ணப்படமாட்டார். அந்த ஊர்களில் பள்ளிவாசல் எங்கே என்று தேட வேண்டியதும் இல்லை. நமது பழைய சபுராளிகள் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சிங்கப்பூரில் சூலியாப் பள்ளி என்றழைக்கப்படும் ஜாமிஆப் பள்ளிவாசல் 1826-இல் தோன்றியது. பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. கொழும்புப் பேட்டையில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் சம்மாங்கோட்டுப் பள்ளி 1908-இல் தொடங்கி 1909-இல் கட்டி முடிக்கப்பட்டது. பிரெஞ்சுக்காரர் ஆட்சிக் காலத்தில் காரைக்கால், புதுச்சேரிப் பகுதிகளிலிருந்து ஸைகோன் சென்று பிழைத்தவர்கள் உண்டு. அந்நகரில் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய ஜாமிஆப் பள்ளி 1935-ஆம் ஆண்டினது. நாலைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் பார்த்தவர்கள் அவர்கள். போன இடத்தில் தங்களை வழிப்போக்கர்களாக நினைத்திருந்தால், கடனுக்கு இரண்டு ரக்அத் தொழுதுவிட்டுப் பெட்டியைத் தூக்கியிருப்பார்கள்.

கிப்லாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிப்லா எங்கே என்றால் மேற்கே என்று சிறுவயதிலிருந்து சொல்லிப் பழகிவிட்டோம். சென்னைக்கு அது சற்று வடக்கே சாய்ந்த மேற்கு. சிங்கப்பூருக்கும் ஏறக்குறைய அப்படியே. துபாயில் மேற்கிலிருந்து தெற்கே சாயும், ஜித்தாவில் கிழக்கு, லண்டனில் தென்கிழக்கு. பழக்கத்தில் லண்டனிலும் மேற்கே திரும்பி நின்றால் கஃபாவுக்கு ஏறக்குறைய முதுகைக் காட்டி நிற்போம். திசைகாட்டும் கருவி இன்று எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கும்போது இதற்குச் சாக்குச் சொல்ல வழியில்லை.

நோன்பின் சலுகையும் முஸாபிருக்கே. முகீம் ஆனவர் நோற்றே ஆக வேண்டும். ஆண்டு முழுவதும் கப்பலிலேயே கழிப்பவரைப் போல ஓயாத பயணியாக இருப்பவர், பின்னால் களாச் செய்ய நாளே கிடைக்காது என்ற நிலையில் நோன்பை விடக் கூடாது என்று பிற்கால ஷாபிஈ அறிஞர்களில் சிலர் கூறியுள்ளார்கள். திருமறை (2:184) வேறு நாட்களில் எண்ணிக்கையை நிறைவு செய்யச் சொல்கிறது. அந்த வேறு நாட்கள் வராமலே போவதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்பது அவர்களின் கவலை. கப்பல் தொழிலாளிகளைப் பற்றி இமாம்களிடையே விவாதமே நடந்திருக்கிறது. குடும்பத்தோடு கப்பலிலேயே வாழும் மாலுமி முழுமையாகத் தொழ வேண்டும் என்பது இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் முடிவு. ஷாபிஈயில் அவருக்குக் கஸ்ரு உண்டு. எனினும் முழுமையாகத் தொழுவதே சிறந்தது என்றார்கள். பயணமே ஒருவருக்கு வீடாகிவிட்டால் அதைப் பயணம் என்று சொல்லலாமா என்ற கேள்வி புதியதன்று என்பதைக் காட்டவே இதைக் குறிப்பிட்டோம்.

வாக்கும் கூலியும்

சம்பாத்தியம் ஹலாலா என்ற கேள்விக்கு வருவோம். தொழில் எது என்பதை முதலில் பார்க்க வேண்டும். வட்டிக் கணக்கையோ சூதாட்ட விளையாட்டையோ மடிக்கணினியில் உருவாக்கிக் கொடுப்பவர் மக்காவில் உட்கார்ந்து செய்தாலும் அது ஹராம்தான். இவருடைய வேலை அப்படிப்பட்டதல்ல என்று தாயார் எழுதியிருப்பதால் மேலே செல்கிறோம்.

விசா என்பது என்ன? நமது ஃபிக்ஹு நூல்கள் அமான் என்று குறிப்பிடும் அபயமே இன்று விசா என்ற வடிவில் வருகிறது. ஒரு நாட்டார் சில நிபந்தனைகளின் பேரில் உள்ளே வர அனுமதிக்கிறார்கள். நாம் அவற்றை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டு நுழைகிறோம். வியாபாரத்துக்காகப் பிற நாட்டில் அபயம் பெற்று நுழைந்த முஸ்லிம், அந்நாட்டாருக்கு எவ்வகையிலும் துரோகம் செய்யக் கூடாது என்று ஹனபி நூல்களும் ஷாபிஈ நூல்களும் ஒரே குரலில் கூறுகின்றன. துரோகத்தால் ஒரு பொருளை எடுத்து வந்துவிட்டால் அதைத் தர்மம் செய்துவிட வேண்டும் என்பது வரை ஹனபி அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். முஸ்லிமல்லாத நாட்டாரிடம் கொடுத்த வாக்கு லேசானது என்று எண்ணுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு திருமறை (5:1) ஏவும்போது யாரோடு செய்த ஒப்பந்தம் என்று பிரித்துச் சொல்லவில்லை.

ஆகவே, வேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனையுள்ள சுற்றுலா விசாவில் சென்று, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எட்டு மணி நேரம் வேலை பார்ப்பது வாக்கு மீறலாகும். அதற்காக அவர் வாங்கிய சம்பளமே ஹராமாகிவிடுமா? நமது கருத்தில் ஆகாது. ஹலாலான வேலையை முறையாகச் செய்து கொடுத்தார். அதற்கான கூலியை வேலை கொடுத்தவர் மனமொப்பிக் கொடுத்தார். கூலி அந்த உழைப்புக்கு உரியது. வாக்கு மீறிய பாவம் அவர் மீது தனியாக நிற்கிறது. அதிலிருந்து மீள வழியும் இருக்கிறது. இவரைப் போன்றவர்களுக்காகவே பல நாடுகள் தனி அனுமதி ஏற்படுத்தியுள்ளன. எஸ்தோனியா 2020-இலும், மலேசியா 2022-இலும், தாய்லாந்து 2024-இலும் இதைத் தொடங்கின. வருமானச் சான்று, காப்புறுதி, கட்டணம் என்று கொஞ்சம் செலவாகும். ஹலாலுக்கு ஆகும் செலவு அது.

அலுவலகத்தோடு செய்த ஒப்பந்தம் வேறு இருக்கிறது. அலுவலகத்துக்குத் தெரிந்து போயிருந்தால் நல்லது. சிலர் சென்னையில் இருப்பதாகவே காட்டிக்கொண்டு வெளிநாட்டில் இருப்பதாகக் கேள்விப்படுகிறோம். கூலிக்கு வாங்கிய நேரத்தில் கடற்கரையில் உலாவுவதும் உண்டாம். அளவையில் குறைப்போருக்குத் திருமறையின் 83-ஆம் அத்தியாயம் கேடு உரைக்கிறது. நேரமும் அளந்து விற்கும் பொருள்தான்.

மனிதருக்குரிய கடமை தொழுகையின் சலுகையையே தொட்டுவிடும் இடம் ஒன்று ஷாபிஈ மத்ஹபில் இருக்கிறது. தவணை வந்துவிட்ட கடனைக் கொடுக்க வசதி இருந்தும் கொடுக்காமல், கடன் கொடுத்தவரின் சம்மதமும் பெறாமல் ஒருவர் புறப்பட்டால் அது பாவமான பயணம். அப்பயணத்தில் அவருக்குக் கஸ்ரு கிடையாது. ஹனபியில் கஸ்ரு உண்டு, பாவமும் உண்டு. ஊரில் கைமாற்று வாங்கி விமானச் சீட்டு எடுத்துக்கொண்டு, அந்தப் பேச்சையே மறந்துவிடுபவர்கள் இந்த மஸ்அலாவை ஒருமுறைக்கு இருமுறை படிக்கட்டும். இப்னு பதூதாவே டில்லியில் 55,000 தீனார் கடனில் மூழ்கினார். கடன் கொடுத்தவர்கள் அரண்மனை வாசலில் முறையிட, சுல்தான்தான் அதைத் தீர்த்து வைக்க வேண்டியிருந்தது. நமக்கு அப்படி ஒரு சுல்தான் வாய்க்கப் போவதில்லை.

பயணிக்குச் சாதகமான பக்கமும் இருக்கிறது. ஊரில் சொத்து இருந்தும் வழியில் பணமின்றித் தவிப்பவர் ஜகாத் பெறும் எட்டு வகையினரில் ஒருவர் (9:60). கள்ளிக்கோட்டைக் கரையில் விரிப்போடு நின்ற அந்த மனிதர் இதற்குச் சரியான உதாரணம். கடப்பிதழும் பணப்பையும் களவு போய் வெளியூரில் நிற்கும் இளைஞர், ஊர் வந்து சேரும் அளவுக்கு ஜகாத்திலிருந்து வாங்கிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அவர் கேட்காத கேள்வி

இப்னு பதூதா டமாஸ்கஸில் ஒரு பெண்ணை மணந்து, அவர் கர்ப்பமாக இருந்தபோதே புறப்பட்டுவிட்டார். ஆண் குழந்தை பிறந்தது என்ற செய்தி இந்தியாவில் இருந்தபோது அவருக்கு எட்டியது. குழந்தையின் பாட்டனாருக்கு 40 தங்கக் காசுகள் அனுப்பி வைத்தார். பல ஆண்டுகளுக்குப் பின் 1348-இல் டமாஸ்கஸ் திரும்பி, பள்ளிவாசலுக்குப் போய் அறிந்தவர் ஒருவரிடம் விசாரித்தார். பிள்ளை இறந்து 12 ஆண்டுகள் ஆயின என்று சொன்னார்கள். அங்கேயே, தம் தந்தையார் இறந்து 15 ஆண்டுகள் ஆனதையும் அறிந்தார். தாயாரேனும் இருக்கிறார் என்று கேட்டு ஊருக்கு விரைந்தார். அவர் போய்ச் சேருமுன் கொள்ளை நோய் தாயாரையும் கொண்டுபோயிற்று. இவ்வளவையும் அவரே தமது பயண நூலில் சொல்லியிருக்கிறார். அவரைக் குறை கூற நாம் இதை எழுதவில்லை. பணம் அவரும் அனுப்பித்தான் வைத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மனைவிக்குரிய செலவுத் தொகையை ஷாபிஈ மத்ஹபு கணவன் மீது கடனாகவே எழுதி வைக்கிறது. அனுப்பாத மாதங்கள் தாமாகவே கடனாகிவிடும். ஹனபியில் காஜி விதித்தோ, இருவரும் பேசி முடிவு செய்தோ இருந்தால் கடனாகும். இந்த இளைஞர் அதில் குறை வைக்கவில்லை. அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்வானாக! ஆனால் செலவுத் தொகையோடு மனைவியின் உரிமை முடிந்துவிடுகிறதா? கலீபா உமர் (ரலி) அவர்கள் இரவு நகர்வலத்தில், போருக்குச் சென்ற கணவனை எண்ணி ஒரு பெண் தனிமையில் ஏங்குவதைக் கேட்டார்கள். தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம், ஒரு பெண் கணவனைப் பிரிந்து எவ்வளவு காலம் பொறுப்பாள் என்று வினவினார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் வருகின்றன. அதன்படியே படைவீரர்களின் தவணையை அமைத்தார்கள். போருக்குப் போனவருக்கே அந்தக் கெடு என்றால், பாங்காக்கில் வசதியான அறையில் இருப்பவருக்கு அதைவிட நீண்ட கெடுவை யார் கொடுத்தது?

மனைவி முழுச் சம்மதத்தோடு இருந்தால் கூடுதல் காலம் தங்கலாம் என்று அறிஞர்கள் அனுமதித்துள்ளார்கள். மருமகளின் சம்மதம் கேட்கப்பட்டதா என்பது கடிதத்தில் இல்லை. மாமியார் முன்னிலையில் கைப்பேசியில் “உனக்குச் சம்மதம்தானே?” என்று கேட்டால் எந்தப் பெண்ணும் தலையாட்டுவாள், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதில் நமக்குத் தயக்கம் உண்டு. கட்டட வேலைக்கு வளைகுடா சென்றவர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் வர முடிகிறது என்றால் முதலாளியின் விடுப்பு அவர் கையில் இல்லை. விமானக் கட்டணமும் அவருக்குப் பெரிது. அவரையும் இவரையும் ஒன்றாக வைத்துப் பேச முடியாது. இவருக்கோ எங்கிருந்தும் வேலை பார்க்கலாம் என்று அலுவலகமே சொல்லியிருக்கிறது. அந்த எங்கிருந்தும் என்பதில் ஈக்காட்டுத்தாங்கலும் அடங்கும். பினாங்கில் மூன்று மாதம் தங்குமிடத்துக்கு மனைவியையும் குழந்தையையும் அழைத்துக்கொள்ளவும் தடையில்லை.

பயணம் வேதனையின் ஒரு பகுதி, அது உணவையும் உறக்கத்தையும் தடுக்கிறது, வந்த வேலை முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்புங்கள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. திரும்பும்போது, முன்னறிவிப்பின்றி நள்ளிரவில் வீட்டாரிடம் போய் நிற்பதை அவர்கள் விரும்பவில்லை; ஊர் வந்ததும் முதலில் பள்ளிவாசலில் இரண்டு ரக்அத் தொழுவார்கள்.

திரும்பி வருபவருக்கான மஸ்அலா ஒன்று பாக்கி இருக்கிறது. விமானம் மீனம்பாக்கத்தில் இறங்கிய உடனே சென்னைவாசியின் சலுகை முடிந்துவிடுகிறது; இரண்டே நாள் தங்கிவிட்டு மறுபடி புறப்படுவதாக இருந்தாலும் சொந்த ஊரில் நான்குதான். உண்மையாகவே பயணத்தில் இருந்தபோது தவறிய லுஹரை வீட்டுக்கு வந்து களாச் செய்தால், ஹனபி இரண்டு ரக்அத் தொழ வேண்டும். ஷாபிஈ நான்கு தொழ வேண்டும்.